மகள் ஒட்டாவாவில் இருக்கிறாள்

போன கோடையில் என் மகள் மனிதர் இல்லாத ஒரு தீவில் இருந்தாள். எங்கள் சொந்தக்காரரைப் பொறுத்தவரை அவள் ஒட்டாவாவில் இருந்தாள்.

ஒட்டாவா என்று முடிவு செய்தது நானும் மனைவியும். மகள் வேலை செய்வது அரசாங்கத்தின் நில அளவைப் பகுதியில். அதன் தலைமை அலுவலகம் ஒட்டாவாவில்தான், ஆகவே அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் அவளை அனுப்பிய இடம் கனடா வரைபடத்தின் மேல் ஓரத்தில் நொறுங்கிக் கிடக்கும் தீவுகளில் ஒன்று. நூறு வருடங்களுக்கும் முன்னர் அரசாங்கம் அங்கே கப்பல் அனுப்பிக் கரைகளை முதன்முதலாக அளந்தது. போனவர்கள் உயர்ந்த இடங்களில் கற்களைக் குவித்து அடையாளம் வைத்தார்கள், பாறையில் குறி வெட்டினார்கள், கொடியை ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கற்குவியல்களில் எவை மிஞ்சியிருக்கின்றன, அவர்கள் வரைந்த கரை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று மறுபடி பார்ப்பதுதான் மகளுடைய குழுவின் வேலை. குழு என்றால் மூன்று பேர். மகள், அவளுடைய மேலதிகாரி, கரடிக்குக் காவலாகத் துப்பாக்கியோடு வரும் ஒரு வேட்டைக்காரர். ஆட்கள் வாழும் மிகக் கிட்டிய ஊருக்கே விமானத்தில் போகவேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவள் இதைச் சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மற்ற ரெண்டு பேரும் ஆம்பிளையளோ?"

"ஓம் அம்மா. ஆளுக்கொரு டென்ற். சுத்தி எலெக்ட்ரிக் ஃபென்ஸ்."

"கரண்ட் வேலியோ? ஆருக்கு?"

"கரடிக்கு."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

"கரடிக்குமா?" என்று கேட்டுவிட்டு மகள் தானே சிரித்தாள்.

மனைவிக்குக் கண்ணூறு, ஊரார் கண் பட்டுவிடும் என்ற பயம். அதோடு மகளுக்குப் பிக்கரிங்கிலிருந்து ஒரு கலியாணச் சம்பந்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது. பெண் இரண்டு ஆண்களோடு தனித் தீவில் நிற்கிறாள் என்ற செய்தியை அவர்கள் எப்படி எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் காரணம் வேறு. சொன்னால் ஒவ்வொரு நாளும் யாராவது கேட்பார்கள். கேட்டால் நான் பதில் சொல்லவேண்டும். பதில் சொல்லச் சொல்ல அது நிஜமாகிவிடும்.

நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை வாசிக்கிறவன். மனிதருக்கு என்னென்ன நடக்கலாம் என்பதைச் சம்பளத்துக்கு வாசிக்கிறேன். பனியில் சறுக்கிய கார், உடைந்த குழாய், அணைக்க மறந்த அடுப்பு. அப்படிப்பட்டவன் தன் பிள்ளை போகும் இடத்தைப் பற்றி வாசிக்காமல் இருப்பானா? பழைய அளவைப் பயணங்களின் அரசாங்க அறிக்கைகளை நூலகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பிடித்தேன். மகள் போவதற்கு முன்னமே தொடங்கினேன். போன பிறகு நிறுத்த முடியவில்லை.

அவற்றில் வீரம் எதுவும் இல்லை. பெரும்பாலும் காத்திருப்புத்தான். அந்தக் காலத்தில் தாங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கச் சூரியனோ நட்சத்திரமோ தெரியவேண்டும். கோடையில் அங்கே இருட்டாவதில்லை, ஆகவே நட்சத்திரம் இல்லை. சூரியன்தான் கதி. அதைக் கடல்மேல் எழும் பனிப்புகார் மூடிவிடும். ஆட்கள் கூடாரத்துக்குள் கருவிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். புகார் கலையும்போது கடலில் பனிக்கட்டி நெருங்கியிருக்கும். கரையில் விட்ட ஆட்களை ஏற்றக் கப்பல் வர முடியாது. இதையெல்லாம் எழுதியவர்கள் எங்கள் அலுவலகத்து நடையில் எழுதியிருந்தார்கள். இன்றும் வெளியே போக முடியவில்லை, அவ்வளவுதான். நான் அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசியில் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்று அறிக்கையின் முடிவுக்குத் தாவிப் பார்ப்பேன்.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. அந்த அறிக்கைகளின் வரைபடங்களில் சில கரைகளில் சிறு வட்டங்கள் வரைந்திருந்தார்கள். கூடாரத் தோல் பறக்காமல் சுற்றிவர வைத்த கற்கள். எப்போதோ ஆட்கள் குடும்பமாக இருந்து போன தடம். வட்டங்களை அளந்து கீறியவரே அதே தாளில் இங்கே மனிதர் இல்லை என்றும் எழுதியிருந்தார். மகளிடம் இதைக் காட்டினேன். தங்களோடு வரும் வேட்டைக்காரரின் பழங்குடி முன்னோர் வைத்தவை அவை என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பிறகு பேப்பரில் வந்த வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. ஆட்களை எழுப்பிவிட்டுப் பிறகு வெறுமை என்று கீறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாங்கம் அளக்கிறது என்றாலே யாரை எழுப்பப்போகிறார்கள் என்றுதான் கேட்பேன். என் பிள்ளை அந்த அரசாங்கத்தின் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறாள்.

செய்தி அனுப்ப அவளிடம் கைக்குள் அடங்கும் ஒரு கருவி இருந்தது. செயற்கைக்கோள் வழியாகச் சின்னச் செய்திகள் என் போனுக்கு வரும். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நான் நம்பமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்தோம். காலையும் மாலையும் "சாப்பிட்டன்" என்று மட்டும் அனுப்பவேண்டும். ஆங்கில எழுத்தில் அந்த ஒரு சொல் வரும். சாப்பிட்டால் உயிரோடு இருக்கிறாள், பசிக்கிறது, கை வேலை செய்கிறது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அவர்களை ஏற்ற விமானம் வரவேண்டிய வெள்ளிக்கிழமை மாலை செய்தி கொஞ்சம் நீளமாக வந்தது. "ஃபொக் மூடியிருக்கு. பிளேன் வரேல்லை. சாப்பிட்டன்."

சனிக்கிழமை காலை ஒன்றும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மார்க்கம் நகரில் பெரிய மண்டபம். நான் தாய்மாமன். மற்ற யாரும் பிந்தலாம், வராமலும் இருக்கலாம். தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் சடங்கு தொடங்காது.

"பற்றறி போயிருக்கும்," என்றாள் மனைவி சேலை மடிப்பைப் பிடித்தபடி. மூன்றாம் தடவையாக அதையே சொன்னாள். "முகத்தை உப்பிடி வைச்சிருக்காதையுங்கோ. ஆக்கள் கேப்பினம்."

சொல்லிக்கொண்டே மடிப்பை அவிழ்த்து மறுபடி பிடித்தாள். மடிப்பு நிற்கவில்லை.

மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து அதே கேள்வி. மகள் எங்கே? ஒட்டாவாவில். லீவு தரமாட்டாங்களோ? புது வேலை. ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது, கவண்மெந்து வேலை, குளிர் வெயில் படாமல் இருந்து செய்யலாம்," என்றார். ஓம் என்றேன்.

போனை வேட்டியின் இடுப்பு மடிப்பில் செருகியிருந்தேன். அதிர்ந்தால் வயிற்றில் தெரியும். மேடையில் ஏறியதும் வீடியோக்காரப் பையன் கையைக் காட்டினான்.

"அங்கிள், இடுப்பிலை என்ன? போனா? ஃபிரேமிலை வயித்துக்கட்டி மாதிரித் தெரியுது. எடுங்கோ."

"அது இருக்கட்டும் தம்பி."

"அங்கிள், இது ஃபோர்-கே. எல்லாம் தெரியும்."

சபை சிரித்தது. மனைவி என் இடுப்பிலிருந்து போனை உருவித் தன் கைப்பையில் போட்டாள். யாரோ ஒரு பெண் கைப்பைகளையெல்லாம் சேர்த்து உடுப்பு மாற்றும் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். நகைகள் இருக்கும் அறை, பூட்டாமல் விடமாட்டார்கள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேளம் தொடங்கியது. மருமகள் தலையைக் குனிந்தபடி மணையில் உட்கார்ந்திருந்தாள். என் இடது கையில் தேங்காய், வலது கையில் கத்தி. தங்கை தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா, இப்ப ஒரு கோல் வந்தது. கேட்டால் சிரிப்பீங்கள்."

"என்ன?"

"கவண்மெந்திலையிருந்தாம். உங்கடை மகளின்ரை பேரையும் சரியாச் சொல்லுறான். அவள் ஏதோ தீவிலையாம். நான் சொன்னன், மிஸ்டர், என்ரை மருமகள் ஒட்டாவாவிலை ஏசி ரூமிலை இருக்கிறாள், நீர் போய் உம்மடை தீவிலை தேடும் எண்டு. உந்த ஏமாத்துக்காரருக்கு வேறை வேலை இல்லை. புளொக்கும் பண்ணிப்போட்டன்."

அவசரத்துக்கு அழைக்க இரண்டு பெயர் கேட்டிருப்பார்கள். முதலில் என்னைக் கொடுத்த மகள், இரண்டாவதாகத் தன் மாமியை, என் தங்கையை, கொடுத்திருக்கிறாள். மாமிக்கு விஷயம் தெரியாது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு வந்திராது. மாமி என்றால் மாமி. அவளுக்கு அவ்வளவுதான். முதல் எண்ணில் யாரும் எடுக்காததால் இரண்டாவது எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். முதல் எண் பூட்டிய அறைக்குள் இருந்தது.

"வேறை என்ன சொன்னவன்?"

"ஆர்?"

"அந்தக் கோலிலை. வேறை என்ன சொன்னவன்?"

"மேளச் சத்தத்திலை ஆருக்குக் கேட்டது? ஹெலிகொப்டர் எண்டும் ஏதோ சொன்னான். அண்ணா, கமராவைப் பாருங்கோ."

ஹெலிகொப்டர். ஏற்றிவரவும் ஹெலிகொப்டர்தான் போகும், தேடவும் அதுதான் போகும். என் வேலையில் அந்தச் சொல் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அந்தக் கோப்பு எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன்.

"மாமா, உடையுங்கோ," என்றார் ஐயர்.

"அங்கிள், ஒரு சிரிப்பு," என்றான் பையன்.

உடைத்தேன். எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியாது. கை தட்டினார்கள். பாலில் தோய்த்த அறுகம்புல்லை எடுத்து மருமகளின் தலையில் வைத்தேன். அவள் மெல்ல நிமிர்ந்து, "மாமா, ஆர் யூ ஓகே?" என்றாள். தலையாட்டிவிட்டுப் படியிறங்கப் போனேன்.

"அங்கிள், சொறி. இன்னுமொருக்கா. குறுக்கை ஒராள் வந்திட்டார்."

திரும்பவும் அறுகம்புல், திரும்பவும் பால். இரண்டாம் தடவை மருமகள் என் விரல்களை ஒரு கணம் பிடித்து விட்டாள். ஓடவேண்டும்போல் இருந்தது. முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் பிள்ளை எங்கே என்று தெரியாது. நாங்கள்தான் அப்படிச் செய்து வைத்திருந்தோம்.

அறைச் சாவி மேக்கப் செய்ய வந்த பெண்ணிடம். அவள் சாப்பாட்டு வரிசையில். மனைவி காரணம் சொல்லாமல் அவளை இழுத்து வந்தாள். போனில் இரண்டு தவறிய அழைப்புகள். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ஏமாற்றுக்காரரின் தொல்லையால் குரல்பதிவுப் பெட்டியை நான் வைத்திருக்கவே இல்லை.

வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், அவசர எண் என்று மகள் தந்ததை அழுத்தினேன். ஓர் ஆண் எடுத்தார். மரியாதையான குரல். என் பெயர், மகளின் பெயர், பிறந்த திகதி எல்லாம் கேட்டார். பிறகு எதையோ வாசித்துப் பார்த்தார். சற்று முன்னர் குடும்பத்தில் ஒருவரோடு பேசியதாகவும், அப்படி யாரும் தீவில் இல்லை, பிள்ளை ஒட்டாவாவில் இருக்கிறாள் என்று அவர் உறுதியாகச் சொன்னதாகவும் இங்கே குறித்திருக்கிறது என்றார். தொடர்பு விவரங்கள் சரிதானா என்று பார்க்காமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது. பொறுப்பானவர் திரும்ப அழைப்பார்.

"அவள் என் தங்கை. அவளுக்குத் தெரியாது," என்றேன் ஆங்கிலத்தில். "நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மொழியில் எப்படி விளக்கியிருப்பேன்? திரும்ப அழைப்பார்கள் என்று மறுபடி சொல்லி வைத்தார்.

காரில் ஏறவேண்டும் என்று தோன்றியது. என் காருக்குப் பின்னால் குதிரை வண்டியை ஏற்றிவந்த நீண்ட ட்ரெய்லர் குறுக்கே நின்றது. மருமகள் மண்டப வாசலுக்குக் குதிரை வண்டியில் வந்திறங்கியிருந்தாள். வண்டிக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குதிரை மட்டும் தலையை ஆட்டியபடி நின்றது. நான் கார்க் கதவைத் திறந்து உள்ளே இருந்து, சாவியைப் போட்டு, இயந்திரத்தைக்கூட இயக்கினேன். பிறகுதான் யோசித்தேன். வழி விட்டாலும் எங்கே போவது? நெடுஞ்சாலையில் வடக்கே எவ்வளவு ஓடினாலும் ஓரிடத்தில் வீதியே முடிந்துவிடும். அங்கிருந்து அந்தத் தீவு இன்னும் நாட்கணக்கில் தூரம். கோட் சூட் போட்ட ஆட்களும் சேலைகளும் பலூன்களும் நிறைந்த அந்தத் தரிப்பிடத்தில் வேட்டியோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கூடாரத்துக்குள் கருவிகளோடு இருந்தவர்களை நினைத்தேன். அவர்கள் எப்படி அந்த வரியை அவ்வளவு சாதாரணமாக எழுதினார்கள் என்பது அப்போது விளங்கியது. வேறு எப்படி எழுதுவது?

தங்கை என்னைத் தேடி வந்தாள். கையில் சாப்பாட்டுத் தட்டு. பின்னால் மனைவி. மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

தங்கை தட்டைக் காரின் மேல் வைத்தாள். பிறகு, "எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே அண்ணா," என்றாள். "நான் அவனை மிஸ்டர் மிஸ்டர் எண்டு பேசினன். நான்தான் கோலை வெட்டினன்." கண் மை கன்னத்தில் ஓடத் தொடங்கியது. "கரடி இருக்கிற இடமோ?"

"கரண்ட் வேலி போட்டிருக்கு," என்றாள் மனைவி. அவள் அழுததும் அப்போதுதான்.

தங்கை தன் போனை எடுத்து அந்த எண்ணை விடுவிக்க முயன்றாள். விரல்களில் சந்தனம். திரை ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் பெண்ணின் தாயார் மேடைக்கு வரவும் என்று அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் போகவில்லை. நாங்கள் மூவரும் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றோம். தட்டிலிருந்த வடையைக் குதிரை எட்டிப் பார்த்தது.

என் போன் அடித்தது.

பேசியவர் ஒரு பெண். முதல் வசனத்திலேயே, மூவரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு சொன்னதைப் பின்னர்தான் கோர்த்தெடுத்தேன். இரவு புயற்காற்று கூடாரங்களைக் கிழித்துவிட்டது. கருவிகள் நனைந்துவிட்டன. காலையில் வழக்கமான வயர்லஸ் அழைப்பில் அவர்களின் குரல் கேட்காததால் அந்தக் கடலில் நின்ற அரசாங்கக் கப்பலொன்றிலிருந்து ஹெலிகொப்டர் போய் ஏற்றிவந்தது. அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் முதலில் எனக்கும், பிறகு தங்கைக்கும் அழைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு இணைப்புத் தருகிறேன் என்றார்.

"அப்பா?"

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை அப்பா."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, இருக்கிறீங்களா? இங்க டினர் அஞ்சு மணிக்குத்தான். மாமியோட என்ன பிரச்சினை? ஷீ டோல்ட் தெம் ஐ வாஸ் இன் ஒட்டாவா!"

தங்கை என் கையிலிருந்து போனைப் பறித்தாள். "மாமிதான் கதைக்கிறன்! நீ முதல்லை ஏதாவது கேட்டு வாங்கிச் சாப்பிடு! கப்பலிலை ஒரு பிஸ்கட்டுமோ இல்லை?" என்று கத்தினாள். சிகரெட் பிடிக்க வெளியே வந்த ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு ஒட்டாவா முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் மிச்சத்தைச் சொன்னாள். கூடாரம் போனதும் மேட்டில் இருந்த பழைய கற்குவியலுக்குப் பின்னால் மூவரும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் அளவைக்காரர் அடையாளத்துக்கு வைத்த குவியல். அதைத் தேடித்தான் அவர்கள் போனதும். "ஒரு பக்கம் காத்து அடிக்கேல்லை அப்பா," என்றாள். வேட்டைக்காரர் தன் மேலங்கியை அவளுக்குப் போர்த்திவிட்டு, இந்த இடத்தில் கூடாரம் அடிக்கவேண்டாம் என்று தான் முதலே சொன்னதை நினைவூட்டியிருக்கிறார். கல் வட்டங்கள் எல்லாம் மேட்டுக்கு மறுபுறம், காற்று படாத பக்கம் இருந்தனவாம். கற்குவியலை வைத்த அந்த ஆட்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என் நன்றிக்குரியவர்களா என்பதை முடிவு செய்ய என்னால் முடியவில்லை.

பிக்கரிங் சம்பந்தம் தானாக நின்றுபோனது. மகள் வரும் கோடையிலும் போகிறாள், வேறொரு தீவுக்கு. இந்த முறை எல்லோருக்கும் தெரியும். தங்கை இப்போதே அந்த அலுவலக எண்ணைத் தன் போனில் சேமித்து, அதற்கு 'தீவு' என்று பெயர் வைத்திருக்கிறாள். சாப்பிட்டாளோ என்று கேட்கப் போனில் ஒரு குழுவும் தொடங்கியிருக்கிறாள். அன்று குளிர் வெயில் படாமல் என்று சொன்ன அன்ரியும் அதில் இருக்கிறார். நான் பயந்தது இதற்குத்தான். ஆனால் தனியே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை விட இது பரவாயில்லை என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். போனை இப்போது குளிக்கும்போதும் உள்ளே கொண்டுபோகிறேன்.

சடங்கு வீடியோ வந்துவிட்டது. தங்கை வீட்டுக்கு யார் போனாலும் அதைப் போடுகிறாள், நாங்களும் இருந்து பார்க்கவேண்டும். தேங்காய் உடைக்கும் இடத்தில் அந்தப் பையன் படத்தை மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரத்தையும் சேர்த்திருக்கிறான். தங்கை என் காதில் ஏதோ சொல்கிறாள். நான் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன், நன்றாகவே சிரிக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கத்தி மேலே போய் நிற்கிறது. அது கீழே வர நெடுநேரம் எடுக்கிறது.